ஆயிரம் பவுண்டு கடன் கொடுத்த டாக்டர்

ஆன்ஃபீல்டு மைதானத்தில் முதன்முதலாக லீக் சாம்பியன் ஆன அணி எது? பிரீமியர் லீக் பார்க்கும் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். "லிவர்பூல்தான், இதென்ன கேள்வி?" என்பார்கள்.

இல்லை. எவர்டன். வருடம் 1891. அப்போது லிவர்பூல் என்ற கிளப்பே பிறக்கவில்லை.

லிவர்பூல் ரசிகர்கள் கோபிச்சுக்க வேண்டாம். உங்கள் கிளப் எப்படிப் பிறந்தது என்பதும் இந்த இழையிலேயே வரும். இது எவர்டனின் முதல் பதினைந்து வருஷக் கதை. நடுவில் ஒரு டாக்டர் வருவார். உண்மையைச் சொன்னால் அவருக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் வரக் கொஞ்ச நேரமாகும், பொறுத்துக்கங்க. பதிவு நீளம். டீ போட்டுக்கிட்டு வந்துடுங்க.

முதலில் ஊரைப் பற்றி. டாக்டர் எழுதுற கதைன்னா சாவு எண்ணிக்கையிலிருந்துதானே தொடங்கணும்!

1842-ல் எட்வின் சாட்விக் என்பவர் பிரிட்டனின் உழைக்கும் மக்களின் சுகாதாரம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். பொதுச் சுகாதாரம் படித்த எந்த மருத்துவ மாணவரும் இந்தப் பெயரைத் தாண்டி வந்திருக்க முடியாது. அதில் லிவர்பூல் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. வசதியான குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 35. வியாபாரிகள் வீட்டில் 22. கூலித் தொழிலாளர்கள் வீட்டில் 15.

பதினைந்து!

இதை எல்லாரும் பதினைந்து வயதில் செத்துப் போனார்கள் என்று புரிந்துகொள்ளக் கூடாது. பிறந்த குழந்தைகளும் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளும் கொத்துக் கொத்தாக இறந்ததால் சராசரி அவ்வளவு கீழே இறங்கிவிட்டது. வெளிச்சமும் காற்றும் வராத நிலவறைகளில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். டைஃபஸ், காலரா, வயிற்றுப்போக்கு. 1847-ல் நாட்டிலேயே முதல்முறையாக ஒரு நகரம் தனக்கென்று ஒரு சுகாதார அதிகாரியை நியமித்தது. அந்த நகரம் லிவர்பூல், அந்த அதிகாரி டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கன். அவர் பதவியேற்ற அதே வருஷம், அயர்லாந்தின் பஞ்சத்துக்குத் தப்பி லட்சக்கணக்கானோர் அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு இழை எழுதலாம், இன்னொரு நாள் பார்ப்போம்.

நிலைமை மெல்ல மாறியது. சாக்கடை வந்தது, குழாய்த் தண்ணீர் வந்தது. ஊர் மூச்சு விட வேண்டும் என்று பெரிய பூங்காக்கள் அமைத்தார்கள். அதில் ஒன்று 1870-ல் திறந்த ஸ்டான்லி பார்க். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கங்க. இந்தக் கதையில் யார் எங்கே போனாலும் இந்தப் பூங்காவைச் சுற்றித்தான் போவார்கள்.

எவர்டன் என்பது லிவர்பூலின் வடக்கே மேட்டில் இருக்கும் ஒரு பகுதி. அங்கே செயின்ட் டொமிங்கோ என்ற மெதடிஸ்ட் தேவாலயம். 1877-ல் அங்கே பென் ஸ்விஃப்ட் சேம்பர்ஸ் என்ற போதகர் வந்து சேர்ந்தார். வாலிபர்கள் உருப்படியாகப் பொழுதைக் கழிக்க வேண்டும், சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து சம்பளத்தோடு நேராகச் சாராயக் கடைக்குப் போகக் கூடாது. இதுதான் அந்தக் காலத்துத் தேவாலயங்களின் கவலை. கிரிக்கெட் அணி ஆரம்பித்தார்கள். கோடையில் சரி. குளிர்காலத்தில் என்ன செய்வது? 1878-ல் கால்பந்து. அவ்வளவுதான். நூற்றைம்பது வருஷத்தை நெருங்கும் ஒரு கிளப், கிரிக்கெட் இல்லாத மாதங்களை ஓட்டுவதற்காகத் தொடங்கியது.

பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். தேவாலயத்தைச் சேராதவர்களும் "எங்களையும் சேர்த்துக்கங்க" என்று வந்தார்கள். அப்புறம் எதற்கு தேவாலயத்தின் பெயர்? 1879 நவம்பரில் கூடிப் பேசி, பகுதியின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்: எவர்டன் கால்பந்து கிளப். கூட்டம் நடந்த இடம் குயின்ஸ் ஹெட் ஹோட்டல். மது விலக்குப் பேசும் மெதடிஸ்ட் தேவாலயத்தில் பிறந்த அணிக்குப் பெயர் சூட்டு விழா ஒரு மதுக்கடையில்! நான் எதுவும் சொல்லலை.

இன்றும் எவர்டன் சட்டையில் இருக்கும் சின்னத்தில் ஒரு குட்டிக் கோபுரம் தெரியும். ஏதோ கோட்டை என்று நினைப்போம். அது 1787-ல் கட்டிய லாக்கப். குடித்துவிட்டுத் தெருவில் புரண்டவர்களையும் சில்லறைத் திருடர்களையும் ராத்திரி அடைத்து வைக்கும் இடம். எத்தனையோ கிளப்புகள் சிங்கம், கழுகு என்று வைத்திருக்க, இவர்கள் மட்டும் குடிகாரர்களை அடைத்த கொட்டடியை நெஞ்சில் குத்திக்கொண்டு ஆடுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

சொந்த மைதானம் கிடையாது. ஸ்டான்லி பார்க்கில்தான் ஆட்டம். பூங்காக் காவலர் வீட்டில் போட்டு வைத்திருக்கும் கோல் கம்பங்களை ஆட்டக்காரர்களே தோளில் சுமந்து வந்து நட வேண்டும், முடிந்ததும் பிடுங்கித் திரும்பக் கொண்டு போய் வைக்க வேண்டும். சட்டைக்குக்கூட ஒரே நிறம் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய அணிச் சட்டையோடே வந்தார்கள். எல்லாருக்கும் புதுசு தைக்கக் காசில்லை. என்ன செய்தார்கள்? எல்லாச் சட்டையையும் கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்து, குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை. இன்று "ப்ளூஸ்" என்று அழைக்கப்படும் அணி ஒரு காலத்தில் கறுப்பு. நீலம் நிலைத்தது 1901-க்குப் பிறகுதான்.

பூங்காவில் ஆடினால் டிக்கெட் போட முடியாது. கூட்டமோ பெருகிக்கொண்டே போனது. பிரையரி ரோட்டில் ஒரு தனியார் நிலம் கிடைத்தது. கொஞ்ச நாளில் நிலத்துக்காரர், "சத்தம் தாங்கலை, இடத்தைக் காலி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். 1884-ல் மறுபடி தெருவில்.

இந்த இடத்தில்தான் ஜான் ஹௌல்டிங் வருகிறார்.

ஹௌல்டிங் பீர் ஆலை முதலாளி. மாடு வளர்த்துப் பால் விற்ற குடும்பத்தில் பிறந்து, உழைத்து முன்னேறியவர். நகர மன்ற உறுப்பினர். பழமைவாதக் கட்சிக்காரர். எவர்டன் பகுதியில் அவர் சொன்னால் நடக்கும். ஊரே "கிங் ஜான்" என்று பட்டப்பெயர் வைத்திருந்தது. கிளப்பின் தலைவரும் அவர்தான். அவர் முயற்சியில்தான் ஒரெல் என்ற இன்னொரு பீர் ஆலைக்காரரின் நிலம் ஆன்ஃபீல்டு ரோட்டில் கிடைத்தது.

வாடகை விதிமுறையைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுவர்களைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். வரி கட்ட வேண்டும். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தரக் கூடாது. அதோடு ஒரு சிறு தொகை வாடகையாகத் தர வேண்டும். இல்லாவிட்டால் ஒரெல் பெயரில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வருஷா வருஷம் நன்கொடை கொடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு நன்கொடை கொடுத்தாலே மைதான வாடகை கட்டின மாதிரி! இது இப்போது வினோதமாகத் தெரியும். பிரிட்டனில் எல்லாருக்கும் இலவச மருத்துவம் தரும் அரசுச் சேவை 1948-ல்தான் வந்தது. அதற்கு முன் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் தர்மத்தில் ஓடின. பணக்காரர்களின் சந்தா, உண்டியல், தொழிற்சாலையில் திரட்டும் காசு. ஒரு தையல் நூலும் ஒரு பஞ்சு உருண்டையும் யாரோ போட்ட பணத்தில் வந்தவை. ஆன்ஃபீல்டில் எவர்டன் குடியேறிய ஒப்பந்தத்தில் நோயாளிகளுக்கும் ஒரு பங்கு இருந்தது.

1884 செப்டம்பரில் ஆன்ஃபீல்டில் முதல் ஆட்டம். எர்ல்ஸ்டவுன் அணியை 5-0 என்று அடித்தார்கள். ஆட்டக்காரர்கள் உடை மாற்றியது பக்கத்தில் இருந்த சாண்டன் ஹோட்டலில். ஹோட்டல் யாருடையது? ஹௌல்டிங்குடையது. அங்கே விற்ற பீர்? சொல்லணுமா!

அடுத்து நடந்தது எல்லாம் வேகமான ஏறுமுகம். 1885-ல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. 1888-ல் ஆஸ்டன் வில்லாவின் வில்லியம் மெக்ரெகர் முயற்சியில் பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து கால்பந்து லீக் தொடங்கின. எவர்டன் அதில் ஒன்று. செப்டம்பர் 8, லீக் வரலாற்றின் முதல் நாள், ஆன்ஃபீல்டில் அக்ரிங்டனை 2-1 என்று வென்றார்கள். இரண்டு கோலும் ஜார்ஜ் ஃபிளெமிங். அடுத்த பருவம் இரண்டாமிடம். அதற்கடுத்தது 1890-91, சாம்பியன். 22 ஆட்டத்தில் 29 புள்ளி. முதல் இரண்டு வருஷமும் சாம்பியனான பிரஸ்டன் 27 புள்ளியோடு பின்னால் நின்றது.

பூங்காவில் கம்பம் சுமந்த பிள்ளைகள் பன்னிரண்டே வருஷத்தில் நாட்டின் முதல் அணி.

பணம் வந்தது. பணம் வந்தால் என்ன வரும்? கணக்கு வரும்.

1885-லேயே ஹௌல்டிங் அந்த நிலத்தை வாங்கிவிட்டிருந்தார். ஆகவே கிளப்பின் தலைவரும் அவரே, கிளப்பின் வீட்டுக்காரரும் அவரே. வாடகை 100 பவுண்டாக இருந்தது. கொஞ்ச வருஷத்தில் 250 ஆனது. மைதானத்தில் தின்பண்டமும் பானமும் விற்கும் உரிமை அவருக்கு மட்டும். இதற்கு நடுவில் பக்கத்து நிலத்துக்காரரான ஒரெல், "எனக்குப் பாதை போடும் உரிமை இருக்கு, போடப் போறேன்" என்றார். அந்தப் பாதை புதிதாகக் கட்டியிருந்த பார்வையாளர் மேடையின் ஊடே போகும். ஹௌல்டிங் ஒரு யோசனை சொன்னார். கிளப்பை ஒரு கம்பெனியாக்குவோம், கம்பெனி என் நிலத்தையும் ஒரெல் நிலத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும்.

தலைவரே முன்மொழிந்து, தலைவரின் நிலத்தை, தலைவர் சொல்லும் விலைக்கு உறுப்பினர்கள் வாங்க வேண்டும்.

ஹௌல்டிங்கை வில்லனாக்குவது ரொம்ப சுலபம். அப்படி எழுத எனக்கு மனசில்லை. தெருவில் நின்ற அணிக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர், கைக்காசு போட்டவர், போட்ட காசுக்கு வரவு எதிர்பார்த்த வியாபாரி. அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அவர் ஒன்றை நம்பினார்: இடம் என்னுடையது என்றால் கிளப்பும் என்னுடையதுதான். உறுப்பினர்கள் அதை ஏற்கவில்லை.

"மதுவிலக்குக்காரர்களுக்கும் பீர் முதலாளிக்கும் நடந்த சண்டை" என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. கேட்க சுவாரசியமாக இருக்கும். மதுவும் ஒரு காரணம்தான். ஒரு பக்கம் பழமைவாதக் கட்சி, மறுபக்கம் பெரும்பாலும் லிபரல் கட்சிக்காரர்கள் என்ற உள்ளூர் அரசியலும் உண்டு. ஆனால் அடிநாதம் வேறு: கிளப் ஒருவர் கையிலா, உறுப்பினர் பலர் கையிலா?

எதிரணிக்குத் தலைமை ஜார்ஜ் மேஹன். தொழிலால் கணக்காளர், ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் எங்கே ஓட்டை என்று தெரிந்த ஆள். 1892 ஜனவரி 25-ஆம் தேதி உறுப்பினர் கூட்டம். ஆன்ஃபீல்டை விட்டுப் போய்விடலாம் என்று மேஹன் பேசுகிறார். கூட்டத்திலிருந்து ஒருவர், உங்களுக்கு வேறு இடம் எங்கே கிடைக்கப் போகிறது என்கிற மாதிரி கிண்டலாகக் குரல் கொடுக்கிறார். மேஹன் அசரவில்லை. இடம் தன் சட்டைப்பையில் இருக்கிறது என்று பதில் சொல்கிறார். நிஜமாகவே இருந்தது! ஸ்டான்லி பார்க்கின் மறுபக்கம், குடிசன் ரோட்டில், மியர் கிரீன் என்ற நிலத்துக்கான பேச்சை அவர் முன்கூட்டியே முடித்து வைத்திருந்தார்.

நிலம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஒரு காலத்தில் நாற்றுப் பண்ணையாக இருந்து பாழடைந்து கிடந்த இடம். விலை 8,090 பவுண்டு. மண்ணை வெட்டி, வடிகால் போட்டு, சமன்படுத்திப் புல் பதிக்க வேண்டும். பரப்பு 29,471 சதுர கஜம். சதுர கஜத்துக்கு நாலரைப் பென்னி கூலி. பெருக்கிப் பார்த்தால் 552 பவுண்டு சொச்சம். மேடைகளுக்குத் தனியாக 1,640 பவுண்டு: தலைக்கு நாலாயிரம் பேர் நிற்கும் இரண்டு திறந்த மேடை, மூவாயிரம் பேர் உட்காரும் கூரை போட்ட மேடை ஒன்று. கைவசம் நிலம் இல்லை, மேடை இல்லை, பழைய தலைவரின் தயவும் இல்லை. அடுத்த பருவம் செப்டம்பரில் தொடங்குகிறது.

இப்போது நம்மாள் வருகிறார்.

டாக்டர் ஜேம்ஸ் கிளெமென்ட் பாக்ஸ்டர். லிவர்பூலில் வைத்தியம் பார்த்தவர். கத்தோலிக்கர். மெதடிஸ்ட் பிள்ளைகள் தொடங்கிய கிளப்பின் கமிட்டியில் ஒரு கத்தோலிக்க டாக்டர்; மத பேதம் தெருச் சண்டையாக வெடித்துக்கொண்டிருந்த அன்றைய லிவர்பூலில் இது சின்ன விஷயம் இல்லை. பாக்ஸ்டர் அந்த மைதானத்துக்காக ஆயிரம் பவுண்டு கடனாகக் கொடுத்தார்.

வட்டி? கிடையாது.

ஆயிரம் பவுண்டு என்றால் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். அன்றைக்கு ஒரு சாதாரணக் கூலித் தொழிலாளிக்கு வாரச் சம்பளம் ஏறக்குறைய ஒரு பவுண்டு, கொஞ்சம் முன்னே பின்னே. ஆக, பதினைந்து இருபது வருஷக் கூலி. மூன்று மேடைகளையும் கட்டும் செலவில் பாதிக்கும் மேல். அந்தக் காலத்து டாக்டர் வருமானம் என்பது வீடு வீடாகப் போய் நாடி பிடித்து, ஷில்லிங் ஷில்லிங்காகச் சேர்ப்பது. அதை எடுத்து, ஒரு சேற்று நிலத்தில், அடுத்த வருஷம் இருக்குமா இருக்காதா என்று தெரியாத ஒரு கிளப்புக்காகப் போடுவதற்கு ஒரு மனசு வேண்டும். என் துறைக்காரர் என்பதால் கொஞ்சம் தூக்கிப் பேசுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஆமாம், தூக்கித்தான் பேசுகிறேன். கடனைக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கியும் போகவில்லை. இயக்குநராகப் பல வருஷம் இருந்தார், பிற்பாடு கிளப்பின் தலைவராகவும் ஆனார்.

மற்றதைப் பங்கு விற்றுச் சமாளித்தார்கள். ஒருவரே அள்ளிக்கொள்ளாதபடி, உறுப்பினர் பலருக்கும் பரவலாகப் பங்கு.

அங்கே ஆன்ஃபீல்டில் ஹௌல்டிங் கையில் ஒரு மைதானம் இருக்கிறது, ஆட அணி இல்லை. அவர் லேசுப்பட்டவரா? "எவர்டன்" என்ற பெயரிலேயே ஒரு கம்பெனியைப் பதிவு செய்து வைத்திருந்தார். கால்பந்துச் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் பெரும்பான்மை உறுப்பினர்களுக்கே சொந்தம் என்று தீர்ப்பு. சரி, பெயர் போனால் போகட்டும் என்று 1892 மார்ச் 15-ல் அவர் புதிதாக ஒரு கிளப் தொடங்கினார். அதுதான் லிவர்பூல். வாடகைத் தகராறில் பிறந்த குழந்தை!

லிவர்பூலில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். வார்டில் ஒரு பெரியவர் இருந்தார், எழுபத்தெட்டு வயது, இதயச் செயலிழப்பு. காலில் வீக்கம் பார்க்கக் குனிந்தால், "டாக்டர், சிவப்பா நீலமா?" என்பார். எந்தப் பதிலைச் சொன்னாலும் பக்கத்துப் படுக்கைக்காரர் சண்டைக்கு வருவார் என்பதால் நான் சிரித்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர்தான் பாக்ஸ்டர் பெயரைச் சொன்னார். "உங்க ஆளு ஒருத்தர்தான் எங்களுக்கு வீடு கட்டப் பணம் கொடுத்தார், தெரியுமா?" தெரியாது என்றேன். சிறுநீர் அளவு, எடை, மாத்திரை எல்லாம் அப்புறம் ஆயிற்று. அரை மணி நேரம் உட்கார்ந்து 1892-ஐக் கேட்டேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. மனைவி பிறந்தநாள் ஞாபகம் இல்லாதவருக்கு மைதானம் திறந்த தேதி ஞாபகம் இருந்தது. ஆகஸ்ட் 24.

அன்று குடிசன் பார்க்கைத் திறந்து வைத்தவர்கள் கின்னேர்டு பிரபுவும் கால்பந்துச் சங்கத்தின் ஃபிரெட்ரிக் வாலும். பன்னிரண்டாயிரம் பேர் வந்தார்கள். ஆனால் கால்பந்து ஆடவில்லை. ஓட்டப்பந்தயம், இசை, வாணவேடிக்கை. புது வீட்டுக்குப் பால் காய்ச்சின மாதிரி ஒரு விழா.

செப்டம்பர் 1-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். ஸ்டான்லி பார்க்கின் ஒரு பக்கம் குடிசனில் எவர்டன் தன் முதல் ஆட்டத்தை ஆடி போல்டனை 4-2 என்று ஜெயிக்கிறது. அதே நாள், பூங்காவின் மறுபக்கம் ஆன்ஃபீல்டில், லிவர்பூல் தன் வாழ்வின் முதல் ஆட்டத்தில் ராதர்ஹாம் அணியை 7-1 என்று அடிக்கிறது. அங்கே வந்தது சில நூறு பேர்தான். லிவர்பூலை லீக்கில் சேர்க்கவும் இல்லை. அந்த வருஷம் லாங்கஷயர் லீக்கில்தான் ஆடினார்கள். ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்களை வரிசையாக இறக்கினார்கள், மெக், மெக் என்று பெயர் தொடங்கும் ஆட்களாகவே அணி நிறைந்ததால் "மெக்குகளின் அணி" என்று ஊர் கேலி செய்தது. கேலி ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் நேருக்கு நேர். 1894 அக்டோபர் 13, குடிசன் பார்க், முதல் லீக் மோதல். 44,000 பேர். எவர்டன் 3, லிவர்பூல் 0. அதே வருஷம் மார்ச்சில் கோப்பை இறுதிப் போட்டியும் குடிசனில்தான் நடந்திருந்தது. சட்டைப்பையில் இருந்த மைதானம் அதற்குள் அவ்வளவு பெரிதாகிவிட்டது.

ஹௌல்டிங் 1897-ல் லிவர்பூலின் மேயர் ஆனார். 1902-ல் இறந்தபோது அவர் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் இரண்டு கிளப்பின் ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். எவர்டன்காரர்களும்தான். பத்து வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுத் துரத்திய வீட்டுக்காரர். அதற்கும் முன்னால், தெருவில் நின்றபோது வீடு பிடித்துக் கொடுத்தவர்.

குடிசனில் எவர்டன் ஆண்கள் அணி கடைசியாக ஆடியது 2025 மே 18. சவுத்தாம்ப்டனை 2-0 என்று வென்றுவிட்டுத் துறைமுகத்தில், பிராம்லி-மூர் கப்பல் தளத்தில் கட்டிய புது மைதானத்துக்குக் குடிபோய்விட்டார்கள். பழைய மைதானத்தை இடித்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இடிக்கவில்லை, பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் டாக்ஸி பிடிக்காதீங்க. குடிசனிலிருந்து ஸ்டான்லி பார்க் வழியாக நடந்தால் கால் மணி நேரத்தில் ஆன்ஃபீல்டு வாசலில் நிற்பீர்கள்.